வடிகஞ்சி

நியூ மார்க்கெட்டில் நாஹூம் கடைக் கேக் வாங்காத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. 1902-இல் தொடங்கிய அவ்வாணிபம், பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பமொன்றினுடையது. யுத்த காலத்தில் கல்கத்தா யூதர் சில ஆயிரவர். இன்றோ விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபொழுது, ரங்கூனிலிருந்து தப்பிய யூதரும் நம் தமிழரும் இங்கு வந்து சேர்ந்தனர். பர்மா அரிசியின் வரவும் அத்துடன் நின்றது.

ஐரோப்பிய யூதருக்கு அக்காலத்தில் நேர்ந்ததை, விஷவாயு என்ற ஒரே சொல்லால் அறிந்தவரே நம்மிற் பலர். அதற்கு முன்பே பசி ஆயுதமாயிற்று. 1940 நவம்பரில் வார்சா நகரில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட யூதரை மதிலுக்குள் அடைத்த நாஜிகள், இனம் பார்த்து ரேஷன் அளந்தனர். 1942 நடுப்பகுதிக்குள் பசியாலும் நோயாலும் மாண்டவர் சுமார் 83,000. அங்கே அடைபட்ட யூத மருத்துவர்கள், தாமும் பட்டினி கிடந்தவாறே, பட்டினி உடலை என்ன செய்கிறதென்று ஆராய்ந்து எழுதி வைத்தனர். ஜூலை 22-ஆம் தேதி முதல் ஜனங்களை ரயிலேற்றி டிரெப்ளிங்காவில் கொல்லத் தொடங்கவே, ஆராய்ச்சி நின்றது. அவ்வேடு 1946-இல் அச்சேறிற்று.

அதே 1942-இல் வங்கக் கடற்கரை உழவனுக்கு வந்த கேடு வேறு வகை. ஜப்பானியர் இறங்கினால் அவர்களுக்குப் பயன்படலாகாதென்று, சர்க்கார் கரையோர ஜில்லாக்களில் மிகுதியெனத் தோன்றிய நெல்லை வாங்கி அகற்றியது. பெரிய படகுகளைப் பறித்தது. அவ்வாறு பயனற்றுப் போனவை சுமார் 46,000. தஞ்சை உழவனுக்கு வண்டிமாடு எப்படியோ, கழிமுகத்து உழவனுக்குப் படகு அப்படி. ஆற்றிடைத் திட்டில் உழப் போவதும் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அதில்தான். பின்னர் அக்டோபர் 16-இல் புயல். மேதினிபூரில் கடல் வயலுக்குள் ஏறிற்று. மாண்டவர் சுமார் 14,500 பேர், மாடுகள் 1,90,000. நம் சம்பாவைப் போன்ற ஆமன் நெல், அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கையில் அழிந்தது. உப்பேறிய மண் மழையால் கழுவப்பட்டாலன்றிப் பயிர் பிடிக்காதென்பதை வேதாரணியத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எஞ்சிய பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் தாக்கியது. அவ்வாண்டு விளைச்சல் குறைவுக்கு இதுவே தலையான காரணமென்று பயிர்நோய் அறிஞர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதினார். இருக்கலாம், ஆனால் படகைப் பறித்தது நோயன்று.

1943-இல் யுத்தத் தொழிற்சாலையாருக்கும் சர்க்கார் ஊழியருக்கும் நகரில் மலிவு அரிசி கிடைத்தது. விளைவித்தவனோ இந்நகர்ப் பிளாட்பாரங்களில் ‘ஃபேன் தாவ்’ என்று கதறினான். அவன் கேட்டது சோறன்று, வடிகஞ்சி.

இரண்டும் ஒன்றே என்பாருண்டு. நாம் உடன்படோம். நாஜிகள் ஓரினத்தையே வேரறுக்கக் கருதி அறுபது லட்சம் பேரைக் கொன்றனர். வங்கத்தை ஆண்டவர்கள் யாருக்கு முதலில் சோறு என்று வரிசை வகுத்தனர். கடற்கரை உழவன் கடைசியில் நின்றான். மாண்டவர் பதினைந்து லட்சமென்றது 1945-ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷன். முப்பது லட்சமென்பர் பிற்கால ஆய்வாளர்.

மாண்ட யூதரில் 48 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பெயர்களை ஜெருசலேமின் யாத் வஷேம் நிலையம் திரட்டியுள்ளது. வங்க உழவர்க்கு அத்தகைய ஏடில்லை. சைலேன் சர்க்கார் என்னும் வங்க எழுத்தாளர் ஊரூராய்ச் சென்று, பஞ்சத்திற்குத் தப்பிய முதியோரின் வாய்மொழிகளைத் திரட்டியிருக்கிறார். 1943-இல் இந்நகரில் குடியிருந்த நம் பெரியோர், தாம் கண்டதை வீட்டாரிடம் சொல்லியிருத்தல் கூடும். அவற்றை ஆண்டும் தெருவும் குறித்து எழுதியனுப்பினால், இப்பகுதியில் வெளியிடுவோம்.