‘லேக்’ என்ற ஒரே சொல்

மலாக்காவின் ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ, வீட்டுக் கணினியில் விளையாடும் பிள்ளையின் திரையில் ஓடுகிற கார் ஒரு கணம் உறைந்து மறுபடி பாய்ந்தால், அவன் வாயில் வருவது ஒரே சொல்தான்: ‘லேக்’. இணையம் இழுத்தாலும் லேக், படம் திக்கினாலும் லேக், சூடேறிய கணினி சோர்ந்து போனாலும் லேக். இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கணினியிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்வரும் தாமதம் ஒன்று. கணினியால் போதிய வேகத்தில் படம் வரைய முடியாத பலவீனம் இன்னொன்று. மொத்தத்தில் வேகம் நன்றாக இருந்தும் இடையிடையே ஒரு படம் மட்டும் பிந்தி வந்து கண்ணை உறுத்தும் திக்கல் மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் ‘லேக்’ என்று சொல்லிக்கொண்டு கடையேறினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘கிராஃபிக்ஸ் கார்டை மாத்துங்க’ என்பதுதான். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு நடுத்தரக் கார்டு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ ஒரு மாதம் உழைத்த காசு, கோளாறு எங்கே என்று பார்க்காமலேயே ஒரு பெட்டிக்குள் போகிறது. அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் வாங்கக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எதை அளப்பது என்பதில்தான் முதல் தடுமாற்றம். விளையாடுகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது எஃப்.பி.எஸ். என்ற எண்ணை, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதை. அறுபது என்று காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். சீராக வந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட் ஆகும். இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நொடியில் 59 படங்கள் தலா 14 மில்லி செகண்டில் வந்துவிடுகின்றன, மீதி 174 மில்லி செகண்டையும் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு நொடிக்கு 60 படம். எண்ணில் ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கோ ஆட்டம் தடுக்கி விழுந்தது தெரிகிறது. பால்மரம் சீவியவர்களுக்கு இது புதிய கணக்கல்ல. மாத மழையின் சராசரி எவ்வளவு என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எத்தனை விடியற்காலையில் மரம் நனைந்திருந்தது என்பதுதான் கூலியைத் தீர்மானித்தது. 2011-இல் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர், ஒரு நொடியின் சராசரியை விட்டுவிட்டு அந்த நொடிக்குள் ஒவ்வொரு படமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்க வேண்டும் என்று எழுதினார். கார்டுகளைச் சோதிக்கும் முறையே அதன்பின் மாறியது. இன்று அந்த அளவை எடுக்க இன்டெல்லின் பிரசென்ட்மான் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு அந்த மென்பொருள் வரைந்த படநேரக் கோட்டைப் பார்த்தால் போதும். கோடு முழுவதும் உயரத்திலேயே ஓடினால் பலவீனம். தாழ்வாக ஓடி இடையிடையே ஊசிபோல் எழுந்தால் திக்கல். கோடு சீராக இருந்தும் எதிராளி மட்டும் தாவித் தாவி வந்தால் இணையம்.

எந்தக் கோளாறு என்று தெரிந்த பிறகும் குற்றவாளி கண்ணுக்குப் படும் இடத்தில் இருப்பதில்லை. இதற்கு அண்மைய ஆண்டுகளிலேயே இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி கட்டாயமான பிறகு, ஏ.எம்.டி.யின் ரைசன் சிப் கொண்ட கணினிகள் சிலவற்றில் ஆட்டமும் ஒலியும் திடீர் திடீரென நின்று போயின. 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனமே காரணத்தை ஒப்புக்கொண்டது: அந்தப் பாதுகாப்பு வசதி மதர்போர்டில் இருக்கும் சிறிய நினைவகச் சிப்போடு அவ்வப்போது நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தது, அதுவரை மற்ற வேலைகள் காத்துக் கிடந்தன. தீர்வு அந்த ஆண்டு மே மாதம் தொடங்கி வந்த, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்பு; அதற்குக் கட்டணம் இல்லை. அந்த இடைவெளியில் இதே கோளாறுக்காகக் கார்டு மாற்றிய வீட்டில் புதுக் கார்டும் அப்படியேதான் திக்கியிருக்கும். இரண்டாவது சான்று இன்னும் கசப்பானது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சிப்புகளில் ஆட்டங்கள் நொறுங்கி விழுந்தன. திரையில் வந்த செய்தி ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்றது. அதைப் படித்தவர் யாராக இருந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்படுவார். உண்மையில் நோய் சிப்பில் இருந்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அதை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது என்று 2024-இல் தெரியவந்தது; ஆகஸ்ட்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. கணினி தானே எழுதிக் காட்டிய செய்தியே தவறான கதவைக் காட்டியிருக்கிறது. கடைக்காரரின் ஊகத்தையும் நம் ஊகத்தையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சில வேளை கணினியில் எந்தக் குற்றமும் இருக்காது, விளையாட்டைச் செய்தவர்களே அரைவேக்காட்டில் விற்றிருப்பார்கள். 2015 ஜூனில் வந்த பேட்மேன் ஆர்க்கம் நைட் ஆட்டம் கணினியில் மிக மோசமாக ஓடியதால் விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். 2021-இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் திக்கியதற்கு, திருட்டுப் பிரதியைத் தடுக்க அதில் சேர்த்திருந்த பூட்டே ஒரு காரணம் என்று தெரிந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் திக்கியது, பூட்டை உடைத்த பிரதி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜூலையில் அதைச் செய்த கேப்காம் திருத்தம் வெளியிட்ட பிறகே நிலைமை சீரானது. இன்றைய பெரிய ஆட்டங்களில் புதிய காட்சி, புதிய வெடிப்பு வரும்போதெல்லாம் அதை வரைவதற்கான சிறு நிரல்களைக் கணினி அந்த நேரத்திலேயே தயார் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி வரும் திக்கல் விலையுயர்ந்த கணினியிலும் வரும். ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய ஆட்டத்தை 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். இந்த வழி 2015 முதல் இருக்கிறது. ஐம்பது ரிங்கிட் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஆயிரம் ரிங்கிட் பாகம் வாங்குவது என்ன கணக்கு?

இனி நம் வீடுகளுக்கே உரிய காரணங்களுக்கு வருவோம். கணினிப் பாகங்களைச் சோதித்துக் காட்டும் காணொளிகளில் பல, இருபது டிகிரி சொச்சம் உள்ள குளிர் அறைகளில் எடுக்கப்பட்டவை. மலாக்காவின் பிற்பகல் ஆண்டு முழுவதும் 30 டிகிரிக்கு மேல்தான், ஈரப்பதமும் குறைவதில்லை. விசிறியால் அறையின் காற்றைவிடக் குளிராகச் சிப்பை வைக்க முடியாது. அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். நூறு டிகிரியை நெருங்கியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிய ஆட்டம் பிறகு திக்கத் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது வெப்பத்தைத்தான். செம்மண் சாலையோரத்துத் தோட்ட வீடுகளில் தூசி அடங்குவதே இல்லை. கூடத்தில் சாமி படத்துக்கு அருகிலேயே கணினியை வைத்திருந்தால் சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் விசிறியில் பிசுக்காகப் படியும், அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும். ஒரு பெயின்ட் பிரஷ், சிப்பின் மேல் காய்ந்துபோன பசைக்குப் பதிலாக இருபது ரிங்கிட்டுக்கும் குறைவான புதுப் பசை, மேஜையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது: இவற்றையெல்லாம் செய்து பார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டு துண்டாக இருக்க வேண்டிய ரேம் ஒற்றைத் துண்டாக இருக்கிறதா, ஆட்டம் பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறதா, மானிட்டரின் கேபிள் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால், வாங்கிய கார்டு பெரும்பாலும் வேலையே செய்யாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இணையத்தின் கதை தனி. யூனிஃபை இணையச் சேவை 2010-இல் தொடங்கிப் பட்டணத்துத் தாமான்களுக்கு ஃபைபர் வந்த பிறகும், தோட்டத்து உட்பகுதிகளில் பல வீடுகள் கைப்பேசிக் கோபுரத்தை நம்பியே இருக்கின்றன. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் விளையாடும் பல ஆட்டங்களின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. அது மலாக்காவிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் 200 கிலோமீட்டர் போகும், ஆகவே போய்வரும் பயணத்துக்கு மூன்று மில்லி செகண்டுகூட வேண்டாம். கோலாலம்பூர் வழியாகச் சுற்றிப் போனாலும் சில மில்லி செகண்டுதான் கூடும். பிங், அதாவது செய்தி போய்வரும் நேரம், 150 மில்லி செகண்ட் என்று காட்டினால் தாமதம் சிங்கப்பூர்ச் சாலையில் இல்லை. வீட்டு வைஃபையிலோ, நெரிசலான கோபுரத்திலோ, அடுத்த அறையில் ஓடும் வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் காத்திருப்பதிலோ இருக்கிறது. சோதிப்பதும் எளிது: இணையம் வேண்டாத ஓர் ஆட்டத்தை ஓட்டிப் பாருங்கள். அதிலும் திக்கினால் இணையத்தைத் திட்டிப் பயனில்லை.

விளையாட்டுதானே, இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மதிக்கிறேன். படிப்பு கெடும் என்ற அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எஸ்.பி.எம். தேர்வுப் பயிற்சியும், பாலிடெக்னிக் வேலைகளும், அக்காவின் வேலை விண்ணப்பமும் ஓடுவது அதே பெட்டியில்தான். விளையாட்டில் திக்கும் கணினி அங்கேயும் என்றாவது காலை வாரும், விளையாட்டு அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு. மலாக்காவின் பத்து பெரண்டாமில் 1973-இல் சீமென்ஸ் ஆலையாகத் தொடங்கி இன்று இன்ஃபினியன் என்ற பெயரில் நடப்பது, சிப்புகளை உறையிட்டுச் சோதித்து உலகுக்கு அனுப்பும் இடம். தோட்டத்து வீடுகளிலிருந்து ஃபேக்டரி பஸ் ஏறிப் போன பெண்கள் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட ஆலைகளில்தான் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்தார்கள். அங்கே ஒரு சிப் தவறினால், எந்தக் கட்டத்தில் தவறியது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்ற மாட்டார்கள், மாற்றியதை எழுதி வைப்பார்கள். அம்மா ஆலையில் கற்ற அந்த ஒழுக்கத்தைப் பிள்ளை வீட்டில் தன் சொந்தக் கணினியில் பழகலாம். தொழிற்கல்வி வகுப்பில் இதைக் கட்டாயப்படுத்திச் சொல்லித்தர முடியாது. ஆட்டம் திக்கினால் அவனே விழுந்தடித்துக் கற்பான்.

பழைய கணினியை எவ்வளவு அளந்தாலும் புதிதாகாதே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். கோடு முழுக்க உயரத்தில் ஓடி, கார்டின் உழைப்பு நூறு விழுக்காட்டை ஒட்டியே நின்று, தரத்தைக் குறைத்த பிறகும் மாறாவிட்டால், வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போதும் அளவு கையில் இருந்தால் எதை வாங்குவது என்பது தெரியும். பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற மின்னணு நாணயம் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வெளித்தோற்றத்தில் அவை பளபளக்கும். அரை மணி நேரம் ஓட்டி வெப்பத்தையும் படநேரத்தையும் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

அரசாங்கத்தின் கை எப்போதும் வாங்குவதற்கே உதவுகிறது. 2017 முதல் இருக்கும் வாழ்க்கைமுறை வரிக்கழிவு 2,500 ரிங்கிட் வரை கணினி வாங்கியதற்குக் கிடைக்கும். பழுது பார்த்த கூலிக்குக் கிடைக்காது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத தோட்டக் குடும்பத்துக்கு அந்தக் கழிவாலும் பயனில்லை. ஆஸ்திரியா 2022-இல் மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே ஏற்கத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் தொடங்கிய பழுதுபார்க்கும் கூடங்கள் தன்னார்வலர்களை வைத்தே நடக்கின்றன. நம்மிடம் மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது, டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது, நகரத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்றிலும் தமிழ் மாணவர்கள் படிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தால் போதும். பிரஷ், பசை, அளக்கும் மென்பொருள் கொண்ட ஒரு பென்டிரைவ், நாலு மாணவர்கள், இவ்வளவுதான் முதலீடு. கடைகளின் பிழைப்பு கெடும் என்பார்கள். நேர்மையாகப் பழுது பார்க்கும் கடைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தேவையில்லாத பாகத்தை விற்றவரோடு வழக்கு வந்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் அங்கே ‘லேக் ஆச்சு’ என்று சொன்னால் நிற்காது. மாற்றுவதற்கு முன் எவ்வளவு, மாற்றிய பின் எவ்வளவு என்று காட்ட வேண்டும்.

மண்டபத்தில் அளந்தவுடன் தேதி, வெப்பம், படநேரம், செய்துபார்த்த மாற்றம் நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளோடு ஓர் அப்பா கடையேறினால், ‘கார்டை மாத்துங்க’ என்று சொல்வதற்கு முன் கடைக்காரர் அதை ஒருமுறை படித்தாக வேண்டியிருக்கும்.