உதவிப் பணத்தைத் திட்டமிடுவதும் ஒரு தொழிலே

உயர்தரக் கலைப்பிரிவு மாணவரிடம் எதிர்காலத் தொழில் யாதெனக் கேட்டால் ஆசிரியர், சட்டத்தரணி, நிர்வாக சேவை என்றே பதில் வரும். வறிய குடும்பத்துக்கு எவ்வளவு பணம், எத்தனை மாதம், எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று திட்டமிடுவதும் ஒரு தொழிலே. நற்பிட்டிமுனை, கல்முனைப் பிள்ளைகள் அத்துறைக்குச் செல்ல வேண்டும் என்பதே எமது கருத்து.

1989இல் ஆரம்பமான ஜனசவியவை நோக்குவோம். மாதம் ரூபா 2,500. அதில் 1,458 நுகர்வுக்கு; 1,042 சேமிப்புக்கு. 24 மாத முடிவில் ஏறத்தாழ ரூபா 25,000 தொழில் முதலாகச் சேர வேண்டும். சோற்றையும் முதலையும் பிரித்துவைத்த இந்த யோசனை மிக நல்லது. ஆனால் இரண்டே வருடத்தில் ஒரு குடும்பம் எழுந்து நிற்குமா? 1995இல் சமுர்த்தி வந்தது. 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றை 22 குறிகாட்டிகளால் அளந்து, பணம் நேரே வங்கிக் கணக்கில் இடப்படுகின்றது. மிகவும் வறிய குடும்பத்துக்கான கொடுப்பனவு 2025இல் ரூபா 17,500 ஆக உயர்ந்தது.

அளப்பதில்தான் சிக்கல். வாடைக்காலத்தில் கடலுக்குப் போகாத தோணிக்காரரின் வருமானத்தை எந்த மாதத்தில் கேட்பது? மருதமுனைத் தறிகாரருக்கு நூல் விலை ஏறிய மாதமும் இறங்கிய மாதமும் ஒன்றல்ல. 2004 சுனாமிக்குப் பின் கிடைத்த கல்வீடு, உள்ளே அடுப்பு எரிகின்றதா என்பதைச் சொல்லாது. (ஸகாத் பங்கிடும் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு இச்சங்கடம் நன்கு தெரியும்.)

இன்னொன்று: மகன் உழைக்கத் தொடங்கினால் உதவி வெட்டுப்படும் என்று தாய் அஞ்சினால், பிழை தாயுடையதன்று. பிரேசிலின் பொல்சா பமிலியா திட்டத்தில், வருமானம் சற்று உயர்ந்த குடும்பத்துக்குக் குறித்த காலம்வரை பாதித் தொகை தொடர்ந்து கிடைக்கின்றது. இங்கும் அப்படி ஒரு படி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் துணிந்து ஏறும். அதைக் கணக்கிட்டு எழுதிக்காட்ட ஆள் வேண்டும்.

இதற்கான வழி தூரத்தில் இல்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்கலாம். பட்டத்தின் பின் இலங்கைத் திட்டமிடல் சேவைப் போட்டிப் பரீட்சைக்குத் தோற்றலாம். புள்ளிவிபரவியலை “கஷ்டம்” என்று கைவிடாதீர்கள். சிங்களமும் பழகுங்கள், குறிகாட்டிகளைத் தீர்மானிக்கும் கூட்டங்கள் கொழும்பிலேயே நடக்கின்றன.