தொடாதீர்கள்!

மியூசியம் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? எனக்கு அந்த போர்டுதான். "பொருட்களைத் தொடாதீர்கள்." எழும்பூர் அரசு அருங்காட்சியகம் என்று நாம் மரியாதையாக எழுதினாலும், எங்கள் பக்கத்துப் பாட்டிகளைக் கேட்டால் அது இன்னும் 'செத்த காலேஜ்'தான் (மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'). 1851-ல் தொடங்கிய இடம். அமராவதி சிற்பங்கள், திமிங்கில எலும்புக்கூடு, செப்புத் திருமேனிகள் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே கண்ணால் பார்க்க. சரி, கண் இல்லாதவர் என்ன செய்வார்?

என் வகுப்பில் பார்வையில்லாத நண்பன் ஒருவன் இருக்கிறான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எங்களுக்கெல்லாம் அவன்தான் வாத்தியார். ஸ்கூல் படிக்கும்போது ஒரு மியூசியத்துக்கு டூர் கூட்டிப்போனார்களாம் (எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம்). "நீ உள்ளே வந்து என்னப்பா செய்யப்போற, இங்கேயே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கோ" என்று வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். "நாற்பது பையைப் பார்த்தேன்டா, அதுதான் நான் பார்த்த மியூசியம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனிடம் ஒருநாள் கற்கோடரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் நிறையக் கிடைத்தன. அத்திரம்பாக்கம் கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வரை வயது என்று 2011-ல் ஆய்வு வெளியானது. ஃபூட் சேகரித்தவை பின்னால் எழும்பூருக்கு வந்தன. இதையெல்லாம் நான் ஆர்வமாக அளந்துகொண்டிருக்க, அவன் ஒரே கேள்வி கேட்டான். "கையில பிடிச்சா எவ்ளோ கனம் இருக்கும்? எந்தப் பக்கம் கூரா இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தவன்தானே! உள்ளங்கையில் பிடிப்பதற்கென்றே செதுக்கிய கல் அது. அதைப் புரிந்துகொள்ளக் கையை விடச் சிறந்த கருவி உண்டா? இந்த விஷயத்தில் அவனுக்கு இல்லாதது எனக்கும் இல்லை.

"எல்லோரும் தொட்டால் பொருள் கெட்டுப்போகும்" என்று சொல்வீர்கள். நியாயம்தான். கை வியர்வையில் இருக்கும் உப்பு வெண்கலத்துக்கு ஆகாது. ஆனால் அசலைத் தொடவிடுங்கள் என்று யார் கேட்டார்கள்? நகல் போதும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-ல் 'அனுபவ்' என்று தொட்டுணரும் கூடமே அமைத்தார்கள். 22 பொருட்களின் நகல்கள், பிரெய்ல் குறிப்பு, கேட்பதற்கு ஒலி விளக்கம். நம்மிடம் இதற்கு இன்னும் வசதி அதிகம். எழும்பூரின் பெருமையே திருவாலங்காட்டு நடராஜர்தான் (அவரும் எங்கள் மாவட்டத்துக்காரர்!). அதே மெழுகு அச்சு முறையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் சுவாமிமலையில் இன்றும் இருக்கிறார்கள். விற்பதற்கு அரசாங்கமே பூம்புகார் என்று கடை வைத்திருக்கிறது. அரசின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்கு எல்லாம் அவர்களுக்கும் உரிமை என்கிறது. 45-வது பிரிவு, ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டிடங்களை ஐந்து வருஷத்துக்குள் மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன். அப்புறம் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாயமான தர விதிகள் வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

காமர்ஸ் மாணவன் என்பதால் கணக்கும் பேசிவிடுகிறேன். "எத்தனை பேர் வரப்போகிறார்கள், இதற்குப் போய் செலவா?" என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். சாய்தளம் ஒருமுறை கட்டுகிற மூலதனச் செலவு. அதில் நூறாவது ஆள் ஏறும்போது கூடுதல் செலவு பூஜ்யம். மூட்டுவலிக்காரத் தாத்தாவும், குழந்தையை வண்டியில் தள்ளி வரும் அம்மாவும் அதில்தான் ஏறுவார்கள். வராதவர்களைக் காட்டி வசதி செய்யாமல் இருப்பது, சரக்கே வைக்காமல் வியாபாரம் இல்லை என்று சொல்வது போல.

எங்கள் பக்கத்தைப் பாருங்கள். அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர்.. அனல் மின் நிலையம், துறைமுகம், கன்டெய்னர் லாரி. மெஷினில் விரல் போனவரும் லாரியில் கால் போனவரும் எங்களுக்குப் புதிதில்லை. அவர்களில் யாரும் மியூசியம் தமக்கான இடம் என்று நினைத்து நான் பார்த்ததில்லை. போவதும் சும்மா இல்லை. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய விஷயம். லிஃப்டில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கிவிடலாம். ஆனால் அத்திப்பட்டிலிருந்து விம்கோ நகருக்குச் சக்கர நாற்காலியோடு எந்த ஷேர் ஆட்டோ ஏற்றும்? எழும்பூரில் இறங்கிய பிறகு நடைபாதையில் நிற்கும் பைக்குகளை யார் நகர்த்துவார்கள்? மியூசியத்துக்கு வழி மியூசியம் வாசலில் தொடங்குவதில்லை.

சென்னைக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. மெரினாவில் 2022 நவம்பரில் கடல் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, திரும்பச் சரிசெய்தார்கள். அதே 2022-ல் காமராஜர் சாலையில் 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை அங்கே கையில் எடுத்தே பார்க்கலாம். அதைச் செய்த ஊரால் கற்கோடரிக்கு ஒரு நகல் செய்ய முடியாதா?

எனக்குப் பிடிக்காத ஒன்று, டிசம்பர் 3 அன்று மட்டும் அழைத்துப் போய், பூ கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவது. மற்ற நாட்களில் போனால்? என் நண்பனுக்குப் பூ வேண்டாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, டிக்கெட் வாங்கிக்கொண்டு, யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

பூம்புகாரில் ஒரு அடி நடராஜர் என்ன விலை என்று விசாரிக்க அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் அண்ணா சாலை கடைக்குப் போகிறோம். கடை என்பதால் தொட்டுப் பார்க்க விடுவார்கள்.