தடாகத்து நீரும் தமிழில் ஒரு வார்த்தையும்

அண்மையில் நமுனுகுலவுக்குப் போயிருந்தேன். நான் பிறந்த தோட்டம் அந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்குக் கழுத்தில் தைரொயிட் வீக்கம். ஸ்கேன் எடுக்கும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு, இரண்டு மாதமாகச் சாமிப் படத்தின் பின்னால் கிடந்தது. அதற்கு ஏற்றும் ஊசிமருந்து அணு உலையில் பிறப்பது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஜப்பான்ல போட்ட குண்டுல உள்ள சாமானாமே தம்பி, அத ஒடம்புல ஏத்தவா?" என்று கேட்டார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 'அணு' என்ற சொல்லைக் கண்டதும் பெரிய எழுத்தில் அச்சம் தரும் தலைப்பிட்ட பத்திரிகைக்காரர்களில் நானும் ஒருவன். எனவே அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதிவைக்கிறேன்.

அந்த மருந்தின் பெயர் டெக்னீசியம். ஆறு மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அதன் தாய் மொலிப்டினம். அதற்கும் 66 மணி நேரமே. சேமித்து வைக்க இயலாத இந்தச் சரக்கை, உலகில் பெரும்பாலும் ஆய்வு அணு உலைகளே வாரந்தோறும் ஆக்கித் தருகின்றன. இவை மின்சாரம் தருவதற்கானவை அல்ல, நியூத்திரன்களைத் தருவதற்கானவை.

ஆய்வு உலைகளில் எளிமையானது தடாக வகை. நமக்கு அருகில் அமைந்த முதலாவது, மும்பைக்கு அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4ஆம் திகதி இயங்கத் தொடங்கியது. நீருக்கடியில் தெரிந்த நீல ஒளியை மனத்திற்கொண்டு நேரு அதற்கு 'அப்சரா' என்று பெயரிட்டார். 2009இல் அது மூடப்பட்டது. குறைந்த செறிவுள்ள யுரேனியத்தில் இயங்கும் புதிய அப்சரா 2018 செப்டெம்பரில் அதன் இடத்துக்கு வந்தது.

இவ்வகை உலையில் ஆழமான திறந்த தடாகம் ஒன்றின் அடியில் யுரேனியத் தகடுகள் நிற்கும். நீருக்கு அங்கே மூன்று வேலைகள். அது தகடுகளைக் குளிர்விக்கிறது. மேலே நின்று எட்டிப் பார்ப்பவரைக் கதிர்வீச்சிலிருந்து காக்கிறது. நியூத்திரன்களின் வேகத்தைத் தணித்து, யுரேனியத்தைப் பிளக்க ஏற்றவையாக்குகிறது. இந்த மூன்றாவதில்தான் சூட்சுமம் உள்ளது. நீர் கொதித்தாலோ குறைந்தாலோ வேகம் தணிவதில்லை. தொடர்வினை தானாகவே அடங்கும். மின்சாரம் நின்றால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தம் பாரத்தாலேயே உள்ளே விழும். தடாகம் திறந்திருப்பதால், அழுத்தத்தில் அடைபட்டு வெடிக்க நீராவியும் இல்லை.

அளவையும் பாருங்கள். பழைய அப்சராவின் உச்ச வலு ஒரு மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் அலகு தரும் வெப்பமோ ஏறத்தாழ மூவாயிரம் மெகாவாட். இரண்டுக்கும் ஒரே அளவில் அஞ்சுவது, குப்பி லாம்பையும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பையும் ஒன்றென எண்ணுவதற்குச் சமம்.

ஆனால் ஆபத்தே இல்லை என்று எவராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தொடர்வினை நின்ற பிறகும் எரிபொருளில் வெப்பம் எஞ்சும். நீர் வடிந்துபோனால் காப்பும் போய்விடும். மனிதத் தவறு அதைவிடப் பெரியது. 1983 செப்டெம்பர் 23ஆம் திகதி, ஆர்ஜென்டினாவின் சிறிய ஆய்வு உலையொன்றில், தொட்டி நீரை வெளியேற்றாமலே எரிபொருளை மாற்றி அடுக்கினார்கள். வினையை வளர்ப்பதும் நீர்தானே! கணப்பொழுதில் எழுந்த தொடர்வினையின் கதிர்வீச்சால் இயக்குநர் இரண்டு நாளில் இறந்தார். நீரின் இயல்பு மாறவில்லை; விதிதான் மீறப்பட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. நம்மவர் பலர் குடியேறியுள்ள சிட்னியின் புறநகரில், 13 மீட்டர் ஆழத் தடாகத்துடன் ஓபல் என்ற 20 மெகாவாட் உலை 2007 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அதை வடிவமைத்ததும் ஓர் ஆர்ஜென்டின நிறுவனமே. மூன்று மாதத்துக்குள் எரிபொருள் தகடுகள் சில இடம்பெயர்ந்திருப்பது தெரிந்தது. உலையை நிறுத்தினார்கள்; செய்தியையும் மறைக்கவில்லை. பத்து மாதங்கள் கழித்து, நடத்துவோரிடமிருந்து பிரிந்து நிற்கும் கண்காணிப்பு அமைப்பின் ஒப்புதலோடுதான் மீண்டும் இயக்கினார்கள். புது உலை பழுதானது சங்கடந்தான். எனினும் என் நம்பிக்கை அந்தப் பத்து மாதங்களில்தான் பிறந்தது.

இலங்கையில் அணு உலை இல்லை. ஆனால் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம், அணுசக்தியைப் பயன்படுத்த ஒரு சபையையும் கண்காணிக்க வேறொரு பேரவையையும் ஏற்படுத்தியது. மேய்ப்பவனையும் காவற்காரனையும் பிரித்தது நல்ல ஏற்பாடு. அணுமின் நிலையம் பற்றிய பேச்சும் நம் நாட்டில் எழுந்துவிட்டது. அதை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ பிறகு. முதலில் மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லட்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தன் உடலில் ஏறப்போகும் மருந்து எது என்று இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடுக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

பீலியடியில் அமர்ந்து நான் சொன்னதைப் பெரியம்மா முழுவதும் கேட்டார். ஆறு மணிக் கணக்கை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "இத அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருந்தா ரெண்டு மாசம் போயிருக்காதே" என்றார்.

துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.