சீட்டில் உள்ள சிறு சொல்

லண்டனில் படிக்கும் என் தமக்கையின் மகள் சென்ற மாதம் ஒரு படப் புத்தகம் அனுப்பியிருந்தாள். அந்நகரத்து வாலஸ் பொருட்காட்சிசாலையில் உள்ள அரும்பொருள்களைப் பற்றிய புத்தகம் அது. இரவு உணவு முடிந்த பிறகு வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பொன்மயமான கொடிகளும் சுருள்களும் படர்ந்த ஒரு மரச் சாமானின் படம் வந்தது. அதன் கீழிருந்த ஆங்கில வரியைப் படித்து என் மகன் தமிழில் சொன்னான்: "இது பிரான்ஸ் தேசத்துப் பதினைந்தாம் லூயி மன்னரின் பள்ளியறைக்காக 1739-ல் செய்யப்பட்ட கம்மோட்."

என் தாயார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள். "ஏண்டா அப்பா, ராஜாவாகவே இருக்கட்டும், அந்தச் சாமானுக்குமா இத்தனை தங்கப் பூச்சு?" என்று கேட்டார்கள். வீடே சிரிப்பில் அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கிய பின் நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பிரெஞ்சு மொழியில் 'கமோத்' என்றால் வசதியானது என்று பொருள். இழுப்பறைகள் பொருத்திய தாழ்வான பெட்டிக்கு அந்நாட்டார் அப்பெயரை இட்டனர். ஆங்கிலேயரும் அந்தச் சொல்லை அதே பொருளில் வாங்கிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கலயம் மறைத்து வைத்த நாற்காலிக்கும் அப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். நம் ஊருக்குக் கப்பலேறி வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது பொருள். படத்தில் இருந்ததோ கோத்ரோ என்ற மரவேலைக்காரர் செய்த இழுப்பறைப் பெட்டி. அதன் வெண்கல அணிகளைச் செய்தவர் காஃபியேரி என்ற உலோகச் சிற்பி.

தாயாருக்குத் திருப்தி ஏற்பட்டது. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வாலஸ் பொருட்காட்சிசாலை, ஒரு பிரபுக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செல்வம். 1897-ல் வாலஸ் சீமாட்டியார் அதைப் பிரிட்டிஷ் மக்களுக்கு உயிலெழுதி வைத்தார். 1900-ல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைப் பொருள்கள் அங்கே ஏராளம். இப்படிப் பிரான்ஸில் பிறந்து ஆங்கிலம் பேசும் நாடுகளில் குடியேறிய பொருள்கள் எத்தனையோ உள. பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையும் தன் பொருள்களின் விவரங்களை, 4,80,000-க்கு மேற்பட்ட பதிவுகளாக, 2021-ல் உலகத்தார் அனைவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி வெளியிட்டது. அவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். 'இரண்டு வரிச் சீட்டுத்தானே, அகராதி இருந்தால் போதாதா?' என்று நேயர்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அகராதி மட்டும் துணையிருந்தால் என்ன நேரும் என்று பாருங்கள். பழைய சித்திரக்காரர் ஒருவர் தாளில் எழுதிய பெண்ணின் முகம். அதன் சீட்டில் 'மீன் த ப்ளோம்' என்று பிரெஞ்சில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஈயச் சுரங்கம்' என்று வரும்! சுரங்கத்தில் அமர்ந்தா அவர் அந்தப் பெண்ணை எழுதினார்? அல்ல. நாம் பென்ஸிலில் வைத்து எழுதும் கறுப்புப் பொருளுக்கே அங்கே அந்தப் பெயர். முற்காலத்தார் அதை ஈயத்தில் ஒரு வகை என்று கருதியதால் வந்த வினை இது. இவ்வாறே 'பியேர் நுவார்' என்பது சொல்லளவில் கறுப்புக் கல். சித்திரச் சீட்டிலோ அது படம் எழுதும் ஒரு வகைக் கறுப்புச் சுண்ணக் கட்டியைக் குறிக்கும்.

இவையாவது படித்தவுடன் நகைப்பை உண்டாக்கி, தம் பிழையைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். சில சொற்கள் அப்படியல்ல. 'க்ரே' என்று ஒரு சொல். அதற்கு மணற்கல் என்றும் பொருள். கடுஞ்சூட்டில் சுட்டுக் கல்லைப் போல் இறுகிய மட்பாண்டம் என்றும் பொருள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. பாரிஸில் உள்ள கிமே பொருட்காட்சிசாலையில் கம்போஜ தேசத்துத் தெய்வத் திருவுருவங்கள் பல இருக்கின்றன. அவற்றின் சீட்டிலும் இந்தச் சொல் வரும். சீனத்துக் குடுவை ஒன்றின் சீட்டிலும் வரும். பொருளைக் கண்ணால் பாராமல் மொழிபெயர்ப்பவர், சிற்பி கல்லில் செதுக்கிய விஷ்ணுவைச் சூளையில் சுட்ட ஜாடியோடு சேர்த்துவிடக் கூடும். இலக்கணப் பிழை ஒன்றும் இராது. வாக்கியம் ஒழுங்காகவே இருக்கும். உண்மை மட்டும் போய்விடும்.

இன்னொரு விந்தையும் உண்டு. பழம், பாத்திரம், வேட்டையில் விழுந்த பறவை முதலியவற்றை மேஜைமேல் வைத்து எழுதும் சித்திர வகையைப் பிரெஞ்சுக்காரர் 'நாத்யூர் மோர்த்' என்பார்கள். 'இறந்த இயற்கை' என்று அதற்குப் பொருள். ஆங்கிலேயரோ டச்சுக்காரரிடமிருந்து கடன் வாங்கி, 'அசையாத உயிர்' என்று பொருள்படும் பெயரை வழங்குகிறார்கள். ஒருவர் கண்ட இடத்தில் மரணம்; மற்றவர் கண்ட இடத்தில் அமைதி. சென்னைப் பொருட்காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்த நம் பெரியோர்கள் இந்தப் பெயர் வேற்றுமையை நன்கு ரசித்திருப்பார்கள்.

மன்னரின் பெட்டியில் மின்னிய வெண்கல அணிகளுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலேயர் அதனை 'ஆர்மலு' என்பார்கள். அரைத்த பொன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து அது பிறந்தது. பாதரசத்தில் பொன்னைக் கரைத்து வெண்கலத்தின்மேல் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி தொழிலாளரின் உடலை அரித்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர் இன்று அப்பொருளைப் 'பொன் பூசிய வெண்கலம்' என்றே சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆதலால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர், பிரெஞ்சுச் சீட்டில் காணாத ஒரு பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது!

இத்தகைய குழப்பங்களைக் குறைக்க அறிஞர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ள கெட்டி நிறுவனத்தார் 1990-ல் கலைக்கும் கட்டடத்துக்கும் உரிய பெரிய சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் சொல்லைவிடக் கருத்துக்கே முதலிடம். ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் உண்டு. மணற்கல்லுக்கு ஓர் எண். சுட்ட பாண்டத்துக்கு வேறோர் எண். அந்த எண்ணின் கீழ்ப் பல மொழிகளிலும் வழங்கும் பெயர்களைச் சேர்த்து வருகிறார்கள். எந்த எண் என்று முடிவு செய்ய மட்டும் பொருளை அறிந்த மனிதர் வேண்டும்.

பொருளின் பெயரில் நேரும் பிழையைவிடப் பெரியது, அதைச் செய்தவர் யார் என்பதில் நேரும் பிழை. இங்கே முழுப் பாரமும் ஓரிரு சிறு சொற்களின் தலையில்தான் விழுகிறது. பிரான்ஸில் கலைப்பொருள் விற்பனைக்கென்று 1981-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி ஓர் அரசாணை பிறந்தது. இன்னார் செய்ததாகக் 'கருதப்படுவது' என்று எழுதினால், அது அவர் தொழில் செய்த காலத்திலேயே ஆக்கப்பட்டிருக்க வேண்டும். அவரே ஆசிரியர் என்று எண்ணத் தக்க வலுவான காரணங்களும் இருக்க வேண்டும். இன்னாருடைய 'பட்டறை' என்றால், அவர் பட்டறையிலோ அவர் மேற்பார்வையிலோ ஆகியிருக்க வேண்டும். இன்னாருடைய 'பள்ளி' என்றால், செய்தவர் அவருடைய மாணாக்கர். அதுவும் குருவின் ஆயுட்காலத்திலோ, அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குள்ளோ செய்தது. ஒரு நாற்காலியைப் பதினைந்தாம் லூயியின் 'காலம்' என்றால் அக்காலத்திலேயே செய்தது. அவருடைய 'பாணி' என்று மட்டும் சொன்னால் நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். ஆணை விற்பனைக்கு உரியது. எனினும் பொருட்காட்சிசாலைச் சீட்டுகளிலும் இதே சொற்கள் வழங்குகின்றன. 'காலம்' இருந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் 'பாணி' என்று எழுதிவிட்டால், இருநூற்றைம்பது ஆண்டு வயதுள்ள நாற்காலி ஒரே கணத்தில் போலியாகிவிடும்.

இப்போது என் உறக்கம் கெட்ட கதைக்கு வருகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து கழன்ற ஒரு படத்தை வாங்கினேன். ஒரு தாய் மேஜையில் உணவு வைக்கிறாள். இரண்டு குழந்தைகள் உண்பதற்கு முன் கடவுளுக்கு நன்றி சொல்லுகின்றன. அந்த அமைதி என் உள்ளத்தைக் கவர்ந்தது. கண்ணாடிச் சட்டமிட்டு என் வகுப்பறையில் மாட்டினேன். அடியில் லெபிஸியே என்ற பெயரும், பிறகு 'தப்ரே ஷார்தேன்' என்ற சொற்களும் இருந்தன. அகராதியைப் புரட்டினேன். 'பின்', 'பிறகு' என்ற பொருள் கண்ணில் பட்டது. ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இதை எழுதியவர் யார்?" என்று கேட்டான். "லெபிஸியே என்பவர். ஷார்தேன் என்ற பெரிய சித்திரக்காரருக்குப் பிறகு வந்தவர்" என்று தயங்காமல் சொன்னேன். நாற்பது பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சில ஆண்டுகள் சென்று ஷார்தேனைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அந்தச் சித்திரத்தின் கர்த்தா ஷார்தேனே. 1740-ல் அதைப் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அளித்தார். இன்று அது லூவரில் இருக்கிறது. லெபிஸியே அதைப் பார்த்து 1744-ல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர். 'பிறகு வந்தவர்' என்றேனே, அவர் பிறந்தது 1698-ல். ஷார்தேன் பிறந்தது 1699-ல்! 'தப்ரே' என்றால் இங்கே 'இன்னாருடைய படைப்பைப் பார்த்து' என்று பொருள். ஆங்கிலச் சீட்டில் இதற்கு எழுதும் சொல்லுக்கும் 'பிறகு' என்ற பொருள் இருப்பதால், ஆங்கிலம் மட்டும் அறிந்தவரும் என்னைப் போலவே ஏமாறலாம்.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது வடநாட்டில் என்ஜினீயர். அவனுக்குக் கடிதம் எழுதி என் பிழையை ஒப்புக்கொண்டேன். "எனக்கு அது மறந்தே போய்விட்டது, ஐயா" என்று பதில் வந்தது. அவன் மறந்தான், நல்லது. மறக்காதவர் எத்தனை பேரோ! படைத்தவனின் பெருமையை அவனிடமிருந்து பறித்து நான் மற்றொருவருக்குக் கொடுத்தேன். அதுவும் ஆசிரியன் என்ற அதிகாரத்தோடு கொடுத்தேன்.

நம் தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. கதை ஒன்றைச் சொந்தக் கதை என்பதற்கும், மொழிபெயர்ப்பு என்பதற்கும், தழுவல் என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் அறிவோம். தழுவலைச் சொந்தம் என்று போட்டால் சும்மா விடுவோமா? அந்த நியாயத்தைத்தான் பொருட்காட்சிசாலைச் சீட்டும் வேண்டி நிற்கிறது. இந்நாளில் இயந்திரமே நொடியில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. கொடுக்கட்டும். ஆனால் அந்தச் சொல்லைப் பொருளுக்கு எதிரே நிறுத்தி, 'இது மெய்தானா?' என்று கேட்பதற்கு ஒரு மனச்சாட்சி வேண்டும்.

கம்மோட் புத்தகம் வந்த மறுநாள், வகுப்பறைப் படத்தைக் கீழே இறக்கினேன். உண்மை தெரிந்த பிறகும் பழைய சீட்டை மாற்றாமல் விட்டிருந்த சோம்பல்தான் முன்னிரவு என்னை உறுத்தியது. அதைக் கிழித்துவிட்டுப் புதிய சீட்டு ஒன்று ஒட்டினேன்: 'சித்திரம் எழுதியவர் ஷார்தேன், 1740. அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் லெபிஸியே, 1744.' இப்போது படிக்கும் பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். இங்கே எழுதியது முழுவதையும் அவர்களுக்குச் சொன்னேன், பழைய சீட்டை எழுதியவன் யார் என்பது உட்பட.