யாருடைய ஸீஸன்?

மத்தியதரைக் கடலுக்குக் கப்பலில் போய்வர ஆசைப்படும் தமிழனுக்கு எல்லாரும் சொல்லும் முதல் உபதேசம், "ஸீஸனில் போங்கள்" என்பது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் வெயில் நன்றாக இருக்குமாம். நவம்பருக்குப் பிறகு மழையும் குளிரும்தான் மிச்சமாம். பிரயாண ஏஜெண்டு இப்படிச் சொன்னால் அது அவர் பிழைப்பு. போய்வந்த பெரிய மனிதர்களும் இதையே ஒப்பிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யாருடைய ஸீஸன், ஐயா, அது? மாதக்கணக்கில் சூரியன் முகத்தைச் சரியாகக் காணாத ஸ்வீடன்காரனும் இங்கிலீஷ்காரனும் வெயிலுக்கு ஏங்கி ஓடிவரும் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர். சித்திரை மாதத்தில் எங்கள் பொம்மிடி ரயிலடியில் அரை மணி நின்றவனுக்கு, வெயிலை விலை கொடுத்து வாங்கவேண்டிய தரித்திரம் என்ன வந்தது? ஏதென்ஸில் 2023, 2024 கோடைகளில் உஷ்ணம் தாங்காமல் அக்ரோபோலிஸ் குன்றையே நடுப்பகலில் சில மணி நேரம் மூடிவைத்தார்கள். கடன் வாங்கிப் போய் அந்தக் கதவடியில் வியர்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டுமா?

வெயிலாவது போகட்டும், கூட்டம்? பெரிய கப்பல்களை வெனிஸ் நகரத்தின் நடுக் கால்வாயில் விடுவதில்லை என்று 2021-ல் இத்தாலி சர்க்கார் தடுத்துவிட்டது. சான்டோரினித் தீவில் நாளைக்கு 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் வேண்டாம் என்று 2025-ல் வரம்பு கட்டினார்கள். பார்ஸலோனாவாசிகள் 2024 ஜூலையில், ஹோட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உல்லாசப் பிரயாணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்தார்கள். விருந்தாளியை இப்படி வரவேற்கும் காலத்துக்குத்தான் நாம் கூடுதல் கட்டணம் கொடுக்கிறோம்!

குளிர்காலத்தில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. டிசம்பரில் ஏதென்ஸில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சிறு தீவுகளில் பாதிக் கடைகள் சாத்தியிருக்கும். காற்றும் பொல்லாதது; பழைய ரோமானியர்கள் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரையில் கடலே மூடியிருப்பதாகக் கணக்கு வைத்திருந்தார்கள். சான்டோரினியில் பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறையில்லை, படகில்தான் கரையேற வேண்டும். அலை அதிகமென்றால் காப்டன் நிற்காமலே போய்விடுவார். போகட்டுமே! நேப்பிள்ஸ், பலெர்மோ, மால்டாவின் வலெட்டா போன்ற ஊர்கள் நம்மை நம்பியா பிழைக்கின்றன? குளிர்காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது, சந்தை கூடுகிறது, ஊர் ஊராக இருக்கிறது.

என் சண்டையெல்லாம் கப்பலோடுதான். பொம்மிடியில் எக்ஸ்பிரஸ் ஓரிரு நிமிஷம் நிற்கிறது. ஜன்னல் வழியே சேர்வராயன் மலையைப் பார்த்துவிட்டு, "பொம்மிடியைப் பார்த்தாகிவிட்டது" என்று ஒருவர் ஊருக்கு எழுதினால் சிரிக்கமாட்டோமா? கப்பல்காரர்கள் செய்வது அதைவிட மோசம். "ரோமாபுரி" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, சிவிதாவெக்கியா துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ரோமுக்கு 70 கிலோமீட்டர்! பொம்மிடியில் இறக்கிவிட்டு இதுதான் சேலம் என்றால்கூட இவ்வளவு தூரம் ஏமாறமாட்டோம். போகவர நேரம் போக, கப்பலுக்குத் திரும்பும் கவலையும் போக, ரோமுக்குக் கிடைப்பது நாலைந்து மணி.

ஆகையால் கப்பல்தான் வேண்டுமென்றால், கூட்டமில்லாத மாதத்தில் மிச்சமாகும் பணத்தைக் கப்பலிலேயே பெரிய அறைக்குக் கொட்டாமல், ஏறும் ஊரிலோ இறங்கும் ஊரிலோ ஐந்தாறு நாள் தங்குங்கள். நேப்பிள்ஸ் என்றால் அங்கே மியூஸியத்தில் ஒரு சின்னத் தந்தப் பெண் நிற்கிறாள். இந்தியாவில் செதுக்கி, எப்படியோ கடல் கடந்து பாம்பேய் போய்ச் சேர்ந்து, கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1938-ல் வெளிவந்தவள். லக்ஷ்மி என்கிறார்கள் சிலர், யக்ஷி என்கிறார்கள் சிலர். அவளைப் பார்த்துவிட்டு நீங்களே ஒரு கட்சி சேரலாம். அதற்கு அவகாசம் வேண்டும்.

விசா எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். கப்பல் கிரீஸிலிருந்து துருக்கிக் கரையைத் தொட்டு மறுபடி கிரீஸுக்கு வருவதானால், ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா போதாது.