கபடியின் ஆல்டைம் பெஸ்ட் 7: ரெய்டர்கள் சரி, கார்னரில் யாரை நிறுத்துவது?

கருணாபுரத்து டீக்கடையாக இருந்தாலும் சரி, ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி கேன்டீனாக இருந்தாலும் சரி, "கபடியில ஆல்டைம் பெஸ்ட் யாருப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பர்தீப் நர்வால், பவன் செஹ்ராவத், அஜய் தாக்கூர் என்று பெயர்கள் சரசரவென வந்து விழும். மூவருமே ரெய்டர்கள். "சரி, ரைட் கார்னர்ல யாரு?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் அந்த வேகம் இருக்காது.

கூடைப்பந்து ரசிகர்களுக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. பாயின்ட் கார்டு இடத்துக்கு மேஜிக் ஜான்சனா, ஸ்டெஃபன் கரியா? சென்டருக்கு கரீம் அப்துல் ஜப்பாரா, பில் ரஸலா? என்.பி.ஏ. விவாதங்கள் பொசிஷன் வாரியாகவே நடக்கும். 5 இடம், 5 பெயர். கபடியில் களமிறங்குவது 7 பேர். அவர்களுக்கும் தனித்தனி இடம், தனித்தனி வேலை உண்டு. பிறகு ஏன் நம்ம விவாதம் மட்டும் ரெய்டரோடு நின்றுவிடுகிறது?

எட்டுப் புள்ளியும் ஒரு புள்ளியும்

முதல் காரணம், ஆட்டத்தின் கணக்கு. ரெய்டர் எத்தனை பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாரோ அத்தனை புள்ளி. 2017-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிரான எலிமினேட்டரில் பாட்னா பைரேட்ஸின் பர்தீப், ஒரே ரெய்டில் எதிரணியின் 6 பேரையும் காலி செய்தார். ஆல் அவுட்டையும் சேர்த்து பாட்னாவுக்கு அந்த ஒரு ரெய்டில் 8 புள்ளி.

டிஃபெண்டருக்கு அந்த வாய்ப்பே இல்லை. எவ்வளவு அபாரமாகப் பிடித்தாலும் 1 புள்ளிதான். மேட்டில் 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், அதற்கு 2 புள்ளி. அதனால்தான் பர்தீப்பின் 2017 சீசன் 369 ரெய்டு புள்ளிகளோடு முடிந்தது. 2018-ல் யு.பி. யோதாவின் நிதேஷ் குமார் ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளிகள் எடுத்த முதல் டிஃபெண்டர் ஆனார். 369 பெரிதா, 100 பெரிதா என்று கேட்பது, விராட் கோலியின் ரன்னையும் பும்ராவின் விக்கெட்டையும் தராசில் வைப்பது மாதிரி.

இரண்டாவது காரணம், பிடி என்பது கூட்டு வேலை. கார்னர் காலைப் பிடிப்பார், கவரில் நிற்பவர் பாய்ந்து வந்து தள்ளுவார், இன்னொருவர் மேலே விழுந்து அமுக்குவார். ஸ்கோர் அட்டையில் பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் ஏறும். மற்றவர்களின் உழைப்பை நேரில் பார்த்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

சரி, யார் அந்த 7 பேர்?

பொதுவாக ஒரு அணி 4 டிஃபெண்டர், 3 ரெய்டர் என்ற கணக்கில் இறங்கும். இரண்டு ஓரத்திலும் கார்னர்கள், உள்ளே கவர்கள், மீதி இடங்களில் ரெய்டர்கள்.

ரெய்டர்களில் பர்தீப்புக்குப் போட்டியே இல்லை. 1,800-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகளோடு 2025-ல் ஓய்வு பெற்றவர். அடுத்தது பவன். 6, 7, 8 என மூன்று சீசன்களில் தொடர்ந்து அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர். மூன்றாவது இடத்தில்தான் சண்டை. 1,500 புள்ளிகளைத் தாண்டிய மனிந்தர் சிங்கா, 'தமிழ் தலைவாஸ்' முன்னாள் கேப்டன் அஜய் தாக்கூரா? 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானிடம் பாதி ஆட்டம் வரை பின்தங்கியிருந்த இந்தியா, 38-29 என்று வென்றது. அதில் அஜய் எடுத்தது 12 புள்ளி. லீக் கணக்குப்படி மனிந்தர், பெரிய மேட்ச் கணக்குப்படி அஜய். கோப்பை கைவிட்டுப் போகும் நேரத்தில் யாரை ரெய்டுக்கு அனுப்புவீர்கள் என்று யோசித்தால் அஜய்க்குத்தான் ஓட்டு.

லெஃப்ட் கார்னர், ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. 500 டேக்கிள் புள்ளிகளைத் தாண்டிய முதல் டிஃபெண்டர். 2018 ஏலத்தில் 1 கோடி ரூபாயை முதலில் தொட்ட வீரரும் இவர்தான். ஆனால் அதே ஏலத்தில் அதிகபட்ச விலையான 1.51 கோடி போனது ரெய்டர் மோனு கோயத்துக்கு. சந்தையின் மனசு எந்தப் பக்கம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ரைட் கவர், சுர்ஜீத் சிங். தமிழ் தலைவாஸுக்கும் கேப்டனாக இருந்தவர். லெஃப்ட் கவர், தமிழ்நாட்டின் ஜீவா குமார். 2015-ல் யு மும்பா கோப்பை வென்றபோது அந்த டிஃபென்ஸுக்கு நடுவே முதுகெலும்பாக நின்றவர். கவர் என்பது கண்ணில் படாத வேலை. ரெய்டர் கார்னரிடமிருந்து உருவி நடுக்கோட்டை நோக்கி ஓடும்போது குறுக்கே நின்று அடைக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் புள்ளி போச்சு.

மீதி இருப்பது ரைட் கார்னர். இந்த மொத்த விவாதத்தின் முடிச்சும் இங்கேதான்.

39 வயதில் தொடங்கிய கணக்கு

எண்களை மட்டும் பார்த்தால் நிதேஷ் குமார். 'ஹாக்' என்று பெயரெடுத்த ரவீந்தர் பஹலைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனை எங்கே வைப்பது?

புரோ கபடி லீக் தொடங்கியது 2014-ல். அப்போது சேரலாதனுக்கு வயது 39. 2016-ல் பாட்னா கோப்பையைத் தூக்கியபோது கேப்டன் அவர், வயது 41. அந்த அணியின் லெஃப்ட் கார்னர் யார் தெரியுமா? ஃபசல். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். மற்ற வீரர்கள் கமென்டரி பாக்ஸுக்குப் போகும் வயதில் அவர் மேட்டில் நின்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால்கள் உச்ச வேகத்தில் இருந்த 20-களிலும் 30-களின் தொடக்கத்திலும் அவர் பிடித்த பிடிகள் எந்த ஆப்பிலும் இல்லை.

இது சேரலாதன் ஒருவரின் கதை மட்டுமல்ல. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்தது 1990-ல். 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கியவர் மனத்தி கணேசன். 2025-ல் 'பைசன்' படம் வந்த பிறகுதான் இன்றைய தலைமுறையில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். ஒரு வீரரை நினைவில் வைக்க ஒரு சினிமா வர வேண்டியிருக்கிறது.

"அப்போ கணக்கே வேண்டாமா? எங்க ஊர்க்காரர்னு பாசத்துல லிஸ்ட் போட்டா அது விவாதமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்கள் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு 'உலக பெஸ்ட்' இருப்பார். ஆனால் கூடைப்பந்து இதற்கு ஒரு வழி காட்டுகிறது. என்.பி.ஏ. 'பிளாக்' கணக்கை அதிகாரப்பூர்வமாக எழுதத் தொடங்கியது 1973-74 சீசனில். பில் ரஸல் ஓய்வு பெற்றது 1969-ல். அவர் தடுத்த பந்துகளுக்கு முழுக் கணக்கே கிடையாது. ஆனாலும் சென்டர் பட்டியலில் அவரை யாரும் தவிர்ப்பதில்லை. 13 சீசனில் 11 கோப்பை என்பது எழுதப்படாத கணக்குக்கும் சாட்சி சொல்கிறது.

அந்த அளவுகோலை இங்கேயும் வைக்கலாம். எந்த அணியில் ஆடினார், அந்த அணி என்ன வென்றது, கூட ஆடியவர்கள் யாரை நம்பினார்கள், எத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொன்னால், ரைட் கார்னரில் சேரலாதனை நிறுத்துவது வெறும் ஊர்ப்பாசம் ஆகாது.

இதில் என்ன இருக்கு?

வெறும் டைம்பாஸ் லிஸ்ட்தானே என்று தோன்றலாம். ஆனால் யாரைக் கொண்டாடுகிறோமோ அவரைப் போல ஆகத்தான் சின்னப் பையன்களும் பெண்களும் ஆசைப்படுவார்கள். 2025 ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். பெண்களுக்கு புரோ கபடி அளவுக்கு ஒரு லீக் இன்னும் நிலைக்கவில்லை. அதாவது 2014-க்கு முன் ஆண்களுக்கு நடந்தது, இன்று பெண்களுக்கு நடந்துகொண்டிருக்கிறது. நன்றாக ஆடுகிறார்கள், எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. பொங்கலுக்கு நடக்கும் ஊர்ப் போட்டியிலேயே தொடங்கலாம். ஸ்கோர் நோட்டில் 'பிடி - 1' என்று எழுதும் இடத்தில், முதலில் பிடித்தவர் யார், கூடச் சேர்ந்து அமுக்கியவர் யார் என்று இரண்டு பெயர் எழுதினால் போதும். இன்னும் 20 வருஷம் கழித்து "ரைட் கார்னர்ல யாரு பெஸ்ட்?" என்று யாராவது கேட்டால், பதில் அந்த நோட்டில் இருக்கும்.